‘டவுட்’ என்றேன், டாக்டர் பதறிவிட்டார்: நாம் ஒன்றாக நினைக்கும் ஆங்கிலச் சொற்கள்

இரவுப்பணி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்துல நர்ஸா வேலைக்கு வந்து ஏழு மாசம் ஆகுது. போன வாரம் நைட் டியூட்டியில நடந்தது இன்னும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு.

ஒரு வயசானவருக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போகுது. அடுத்த டோஸ் பத்து மணிக்கா பன்னிரண்டு மணிக்கான்னு சார்ட்ல சரியா தெரியல. டியூட்டி டாக்டர்கிட்ட போய், “டாக்டர், ஐ ஹேவ் எ டவுட் அபவுட் திஸ் டோஸ்”னு சொன்னேன். அவர் முகமே மாறிடுச்சு. கையில இருந்த காபியைக் கீழ வச்சுட்டு, சார்ட்டை வாங்கி, நோயாளியோட எடை, கிட்னி ரிப்போர்ட், அலர்ஜி எல்லாத்தையும் முதல்ல இருந்து பார்த்தார். “இதுல எது தப்புன்னு உங்களுக்குப் படுது?”ன்னு கேட்டார். நான் டைம் கேக்க வந்தேன்னு சொல்லவே வாய் வரல.

கூட இருந்த சீனியர் சிஸ்டர்தான் அப்புறம் சொன்னாங்க. இங்க டவுட்னு சொன்னா ‘எனக்கு இதுல நம்பிக்கை இல்ல’ன்னுதான் எடுத்துக்குவாங்களாம். ஊர்ல காலேஜ்ல நாலு வருஷமும் “மேடம், ஒரு டவுட்”னு கைதூக்கித்தான் படிச்சேன். யாரும் தப்புன்னு சொன்னதே இல்ல.

இந்த மாதிரி நமக்கு ஒண்ணா தெரியுற, அவங்களுக்கு ரெண்டா இருக்கிற சொற்கள் வேற என்னென்ன? வேலை செய்யுற இடம் அப்படிங்கிறதால உண்மையாவே பயமா இருக்கு.

---

கரும்பலகை

அம்மா, தலைகுனிய இதில் ஒன்றும் இல்லை. முப்பது வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் நான். என் வகுப்பிலும் பிள்ளைகள் ‘டவுட்’ என்றுதான் கேட்டார்கள். திருத்தாமல் விட்டவர்களில் நானும் ஒருத்தி.

நம்முடைய ‘சந்தேகம்’ மூன்று வேலை பார்க்கிறது. பாடத்தில் ஒன்று புரியவில்லை என்றால் சந்தேகம். அவன் வருவானா என்பது சந்தேகம். நகை காணாமல் போய் வேலைக்காரர் மேல் கண் போனால் அதுவும் சந்தேகம். ஆங்கிலத்தில் முதலாவது கொஸ்டியன், இரண்டாவது டவுட், மூன்றாவது சஸ்பிஷன். நாம் மூன்றுக்கும் நடுவில் உள்ளதை எடுத்துக்கொண்டோம்.

இரண்டாவதும் மூன்றாவதும் இடம் மாறினால் பொருள் நேர் எதிராகிவிடும். “ஐ டவுட் ஹி வில் கம்” என்றால் வரமாட்டான் என்று நினைக்கிறேன். “ஐ சஸ்பெக்ட் ஹி வில் கம்” என்றால் வருவான் என்று தோன்றுகிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் பேச்சில் மட்டும் டவுட் பழைய பொருளில் இன்னும் இருக்கிறது. அங்கே “ஐ டவுட் இட் வில் ரெய்ன்” என்றால் மழை வந்துவிடும் போலிருக்கிறதே என்று பொருள். வார்டில் யாராவது அப்படிச் சொன்னால் குழம்பாதே.

உனக்கு வேண்டியது “கேன் ஐ செக் சம்திங் வித் யூ?” மருந்து உண்மையிலேயே தப்பாகப் பட்டால் “ஐ ஹேவ் எ கன்சர்ன் அபவுட் திஸ் டோஸ்.” அதைச் சொல்ல மட்டும் ஒருபோதும் தயங்காதே.

---

வைகைக்கரை

டீச்சர் சொன்னது எங்க ஆபீஸுக்கும் பொருந்தும். ட்ரெய்னிங் முடிச்சதும் “எனி டவுட்ஸ்?”னு நாங்க கேப்போம். அமெரிக்க டீம்ல ஒருத்தர் ஒருநாள், “நீங்க சொன்னதை நாங்க நம்பலைன்னு ஏன் நினைக்கிறீங்க?”ன்னு கேட்டார். அன்னைக்கு விட்டது அந்தச் சொல்லை. ஆனா நம்ம ஊருக்குள்ள பேசும்போது அது தப்பில்லைன்னுதான் சொல்வேன். கேக்குறவங்களுக்கும் சொல்றவங்களுக்கும் ஒரே அர்த்தம்னா அது அந்த ஊரோட வழக்கு.

---

தேம்ஸ்பக்கம்

தங்கச்சி, நான் லண்டன் வந்து பதினோரு வருஷம். உங்க வேலைக்கு இதைவிட முக்கியமான ஜோடி ஒண்ணு இருக்கு: சிக், இல்.

நமக்கு ரெண்டும் உடம்பு சரியில்லை. அமெரிக்காவிலயும் சிக்னா பொதுவா அதுதான். பிரிட்டன்ல நோயாளி “ஐ வாஸ் சிக் லாஸ்ட் நைட்”னு சொன்னா, பெரும்பாலும் ராத்திரி வாந்தி எடுத்தேன்னு அர்த்தம். “ஐ ஃபீல் சிக்” குமட்டுது. சும்மா உடம்பு சரியில்லைன்னா “ஐ ஃபீல் இல்” இல்லன்னா “அன்வெல்”. ஆனா லீவு போடுறது மட்டும் இங்கயும் சிக் லீவ்தான். அதுக்குக் காரணம் கேட்டு மண்டையை உடைச்சுக்காதீங்க.

நான் வந்த புதுசுல என் மேனேஜருக்கு போன் பண்ணி “ஐ யாம் சிக்”னு சொல்லிட்டேன். அவங்க ரொம்ப அக்கறையா, தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குடிங்க, வயித்துக்கு லேசா ஏதாவது சாப்பிடுங்கன்னாங்க. எனக்கு இருந்தது முதுகு பிடிப்பு.

---

இரவுப்பணி

அண்ணா, இது எனக்குத் தெரியவே தெரியாது! ரெண்டு நாள் முன்னாடி ஒரு அம்மா “ஐ ஹேவ் பீன் சிக் ட்வைஸ்”னு சொன்னாங்க. ரெண்டு தடவை உடம்பு சரியில்லாம போச்சுன்னு நினைச்சு, எந்த வருஷம்னு கேட்டேன். அவங்க என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. இப்பதான் புரியுது.

இன்னொண்ணு. வலியைக் கேக்கும்போது ஏக், பெய்ன் ரெண்டுல எது?

---

தேம்ஸ்பக்கம்

தலை, பல், காது, வயிறு, முதுகு: இந்த அஞ்சுக்கும் ஏக் ஒட்டிக்கும். மத்த இடத்துக்கு பெய்ன். நெஞ்சுக்கு செஸ்ட் பெய்ன்தான். தனியா ‘ஏக்’னு சொன்னா விடாம மந்தமா இருக்கிற வலி, கால் உளையுது மாதிரி.

நோயாளி எப்படிச் சொல்றாங்கன்னு கவனிங்க. த்ராபிங்னா விண் விண்ணுனு தெறிக்குது. ஸ்டாபிங்னா குத்துற மாதிரி. ஷார்ப்னா சுருக்குனு. டல்னா மந்தமா. பர்னிங் எரிச்சல். க்ராம்ப் இழுத்துப் பிடிக்குறது. நம்ம பாட்டிங்க ‘குடையுது, கடுக்குது, உளையுது, சுள்ளுங்குது’ன்னு பிரிச்சுச் சொல்வாங்களே, அதேதான். வலிக்கு நம்மகிட்ட சொல் பஞ்சமே இல்லை. வலி, பெய்ன்னு ஒண்ணுக்கு ஒண்ணு மனப்பாடம் பண்ணினதுல மத்ததெல்லாம் வெளியில நின்னுடுச்சு.

---

கொள்ளிடம்

இந்த இழைக்காகவே கணக்கு தொடங்கினேன். எனக்குப் பல வருஷமா குழப்பம் தந்த ஜோடி ஹியர், லிசன். அகராதியில் இரண்டுக்கும் ‘கேள்’ என்றுதான் போட்டிருக்கும். பத்தாததற்கு ஆஸ்க் என்பதற்கும் ‘கேள்’. ‘தமிழில் ஒரே சொல்தான், அதனால் நமக்கு வராது’ என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது சரியில்லை. தமிழில் இந்த வித்தியாசம் தெளிவாக இருக்கிறது, சொல்லில் இல்லை, வாக்கியத்தில் இருக்கிறது.

“நான் பாட்டு கேட்கிறேன்.”
“எனக்குப் பாட்டு கேட்கிறது.”

முதலாவதில் நானாகக் காது கொடுக்கிறேன்: லிசன். இரண்டாவதில் சத்தம் தானாக வந்து விழுகிறது: ஹியர். ‘நான்’ வந்தால் லிசன், ‘எனக்கு’ வந்தால் ஹியர். தமிழ் பேசும் எந்தக் குழந்தையும் இதைத் தப்பாகச் சொல்லாது.

கண்ணுக்கும் அப்படியே. “நான் பார்க்கிறேன்” என்றால் லுக், வாட்ச். “எனக்குத் தெரியுது” என்றால் சீ. பஸ் ஸ்டாண்டில் “போர்டு தெரியுதா?” என்று கேட்கிறோமே, அது “கேன் யூ சீ தி போர்டு?” போனில் “கேக்குதா?” என்றால் “கேன் யூ ஹியர் மீ?” நாம் ‘ஆர் யூ ஹியரிங் மீ’ என்று சொல்லித் திட்டு வாங்குவது இந்த இடத்தில்தான். ‘எனக்கு’ போட்டுச் சொல்லும் வினைகளுக்கு ஆங்கிலத்தில் ‘இங்’ ஒட்டாது. எனக்குத் தெரியும், எனக்குப் புரியுது, எனக்குப் பிடிக்கும், எனக்கு வேணும், எனக்கு ஞாபகம் இருக்கு. நோ, அண்டர்ஸ்டாண்ட், லைக், வாண்ட், ரிமெம்பர். எதற்கும் ‘இங்’ இல்லை.

இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

---

வைகைக்கரை

அருமை! ஆனா ரெண்டு இடத்துல இடிக்குது. “நான் நம்பறேன்” – இங்க ‘நான்’தான் வருது, ஆனா ‘ஐ யாம் பிலீவிங்’ சொல்ல முடியாது. அதே மாதிரி “நான் கார் வச்சிருக்கேன்”. ‘ஐ யாம் ஹேவிங் எ கார்’ங்கிற நம்ம பிரபலமான தப்பு அதுல இருந்துதான் வருது.

அப்புறம், “நேத்து உங்களைக் கோயில்ல பார்த்தேன்”ல நானா தேடிப் பார்க்கல, தற்செயலா கண்ணுல பட்டீங்க. தமிழ்ல ‘நான்’, ஆங்கிலத்துல ‘சா’.

---

கரும்பலகை

இருவர் சொல்வதும் சரி. கொள்ளிடம் தம்பியின் வழி ஒரு பக்கம் நன்றாகத் திறக்கும் கதவு. ‘எனக்கு’ வந்தால் ‘இங்’ போடாதே என்பது பெரும்பாலும் காப்பாற்றும். ‘நான்’ வந்தால் ‘இங்’ போடலாம் என்று திருப்பிப் படிக்கக்கூடாது. நம்பு, வெறு, வைத்திரு மாதிரியானவற்றைத் தனியாகக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ‘பார்த்தேன்’ என்பதற்குக் ‘கண்ணில் பட்டது’ என்று மாற்றிச் சொல்ல முடிந்தால் சா. உட்கார்ந்து கவனித்தது என்றால் வாட்ச்.

வாக்கியத்தில் ஒளிந்திருப்பதைப் போல வினைக்குள் ஒளிந்திருப்பதும் உண்டு. நர்ஸ் பெண்ணுக்குத் தினமும் தேவைப்படுவது: லை, லே. நம் தன்வினை, பிறவினை பாடத்தை நினைத்துக்கொள். கிட, கிடத்து. எழு, எழுப்பு. வீழ், வீழ்த்து. ஆங்கிலத்திலும் பழங்காலத்தில் இப்படி ஒரு முறை இருந்து, இன்று சில ஜோடிகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. லை என்றால் கிட, லே என்றால் கிடத்து. ரைஸ் எழு, ரெய்ஸ் எழுப்பு. ஃபால் வீழ், ஃபெல் வீழ்த்து. மரம் வெட்டிச் சாய்ப்பதற்கு அவர்கள் அந்த ஃபெல்லைத்தான் சொல்வார்கள்.

ஆகவே நோயாளியிடம் “ப்ளீஸ் லை டவுன்.” உதவிக்கு வந்தவரிடம் “லே ஹிம் ஆன் ஹிஸ் சைடு.” ஒரே ஒரு குழி: லை என்பதன் இறந்தகாலமும் லே என்றே ஒலிக்கும், எழுத்தும் அதே. ஆங்கிலேயர்களே இதில் சறுக்குகிறார்கள், உன்னை யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

ரிமெம்பர், ரிமைண்ட் ஜோடியும் இதே குடும்பம் போல நடந்துகொள்ளும்: ஞாபகம் இருக்கிறது, ஞாபகப்படுத்து. ‘ரிமெம்பர் மீ டு கால்’ என்று என் மாணவர்கள் எழுதித் தள்ளுவார்கள்.

---

சுன்னாகத்தான்

வணக்கம். எங்கட யாழ்ப்பாணப் பக்கத்தில இருந்து ஒன்று சொல்லுறன். ஸ்பீக், டாக் இரண்டுக்கும் புத்தகத்தில ‘பேசு’ எண்டுதான் கிடக்கும். எங்களுக்கு அது உதவாது. நாங்கள் கதைக்கிறனாங்கள். ‘பேசுறது’ எண்டால் கூடுதலா ஏசுறது. “அம்மா என்னைப் பேசினவ” எண்டு சொன்னால், அம்மாட்ட நல்லா வாங்கிக் கட்டினன் எண்டு அர்த்தம். சென்னையில படிக்கேக்க ஒரு நண்பன் “உங்க அம்மாகிட்ட பேசினேன்” எண்டான். ஒரு நிமிசம் எனக்கு நெஞ்சு திக்கெண்டது.

டாக் எண்டால் ‘கதைக்கிறது’ சரியாப் பொருந்தும், இரண்டு பக்கமும் வாய் அசையவேணும். ஸ்பீக் ஒரு பக்கமா இருந்தாலும் போதும்: மேடையில, போனில, இல்லாட்டி ஒரு பாஷை தெரியும் எண்டு சொல்லேக்க.

சே, டெல் இரண்டுக்கும் எல்லாரும் ‘சொல்லு’தான். நான் பிடிச்சுக்கொண்ட வழி இது: டெல்லுக்குப் பின்னால ஆள் ஒட்டி நிக்கவேணும், இடையில ஒன்றும் வரக்கூடாது. ‘டோல்ட் மீ.’ நாங்கள் ‘என்னட்ட சொன்னவர்’ எண்டு சொல்லுறதால அந்த ‘ட்ட’வைக் கொண்டுவந்து ‘டோல்ட் டு மீ’ எண்டு போட்டுவிடுறம். சேக்கு ஆள் தேவையில்லை, ஆள் வந்தால் ‘செட் டு மீ’.

---

ஒத்திவீடு

நான் மெல்போர்ன் போன முதல் மாசம் பட்ட பாட்டைச் சொல்லணும். இது ரெண்டு ஆங்கிலச் சொல் சண்டைகூட இல்லை, ஒரே சொல் ரெண்டு ஊர்ல ரெண்டு பொருளா இருந்த கதை.

வீடு பார்க்கப் போனேன். ஏஜென்ட் “ட்வெல்வ் மந்த் லீஸ்”னார். நம்ம ஊர்ல லீஸ்னா என்ன? மொத்தமா ஒரு தொகையைக் கையில கொடுத்துடணும், மாச வாடகை கிடையாது, காலி பண்ணும்போது முழுப் பணமும் திரும்ப வரும். ஒத்தி, போக்கியம்னு பெரியவங்க சொல்றது. நானும் சந்தோஷமா, “மொத்தம் எவ்வளவு? வெளிய போகும்போது திருப்பிக் கொடுப்பீங்கள்ல?”ன்னு கேட்டேன். அவர் டெபாசிட்டைச் சொல்றேன்னு நினைச்சு “ஆமா, நிச்சயமா”ன்னார். கிட்டத்தட்ட கையெழுத்துப் போடப் போயிட்டேன். கூட வந்த ஒரு அக்காதான் பேப்பரைப் படிச்சுட்டு நிறுத்தினாங்க. அங்க லீஸ்ங்கிறது அந்த வாடகை ஒப்பந்தம். ரெண்ட்ங்கிறது அதுல கட்டுற வாடகை. அவ்வளவுதான்.

பாரோ, லெண்ட் கூட இதே வகைக் குழப்பம். ‘கடன்’னு ஒத்தைச் சொல்லா படிச்சா மாறிப்போகும். ‘வாங்கு’ன்னா பாரோ, ‘கொடு’ன்னா லெண்ட். “கேன் ஐ பாரோ யுவர் பென்?” “குட் யூ லெண்ட் மீ யுவர் பென்?”

---

கொள்ளிடம்

ஒத்திவீடு அவர்களே, பேனாவுக்குக் கடன் என்று நாம் சொல்வதே இல்லையே. அது இரவல். வாங்கிய பொருளையே திருப்பித் தந்தால் இரவல். பணமாக வாங்கி, வேறு நோட்டாகத் திருப்பினால் கடன். நாலு நாளில் வட்டியில்லாமல் தருவது கைமாற்று. பக்கத்து வீட்டில் ஒரு ஆழாக்கு அரிசி வாங்கி, அதே அளவு திருப்பித் தருவதற்குப் பழந்தமிழில் ‘குறியெதிர்ப்பை’ என்றே ஒரு சொல் இருந்திருக்கிறது. 221-ஆம் குறளில் வருகிறது: இல்லாதவருக்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பை மாதிரி என்கிறார் வள்ளுவர். ஆங்கிலத்தில் இத்தனைக்கும் பாரோ ஒன்றுதான். அவர்கள் யார் பக்கம் இருந்து பார்க்கிறோம் என்பதைப் பிரிக்கிறார்கள், நாம் திரும்பி வருவது எது என்பதையும் பிரிக்கிறோம்.

---

வைகைக்கரை

பிரிங், டேக் பத்தி யாரும் சொல்லலையே? கம், கோவும் சேர்த்து.

---

கரும்பலகை

அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். கொண்டுவா, கொண்டுபோ. கூட்டிவா, கூட்டிப்போ. தமிழில் வா, போ கூடவே ஒட்டியிருப்பதால் நமக்கு இது எளிது. ‘பிள்ளையை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறேன்’ என்று மனதில் சொல்லிப் பார்த்தாலே டேக் என்று வந்துவிடும்.

கம், கோ இன்னும் சுவையானது. நண்பர் போனில் அழைக்கிறார், நாம் கிளம்பப் போகிறோம். நம் இடத்தை விட்டுப் போகிறோம் என்றாலும் “ஐ யாம் கோயிங் டு யுவர் ஹவுஸ்” என்று அவரிடம் சொல்வதில்லை. “ஐ யாம் கமிங்.” தமிழிலும் “இதோ வரேன்.” கேட்பவர் இருக்கும் இடம் நோக்கி நகர்ந்தாலும் ‘வா’தான். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இதை விதியாகவே சொல்லியிருக்கிறார்: தா, வா என்ற இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல், கொடு என்ற மற்ற இரண்டும் படர்க்கைக்கு உரியவை. கல்லூரியில் தமிழாசிரியர் நடத்தியபோது தேர்வுக்காகப் படித்தேன். பல வருடம் கழித்து, ஆங்கில வகுப்பில் கம், கோ நடத்திக்கொண்டிருக்கும்போது அந்த நூற்பா நினைவுக்கு வந்து அப்படியே நின்றுவிட்டேன்.

‘தா, கொடு’ வேறுபாட்டை நாம் இன்று தளர்த்திவிட்டோம், ‘எனக்குக் கொடு’ என்றும் சொல்கிறோம். மலையாளத்தில் இன்றும் அது உயிரோடு இருக்கிறது.

வழுக்கும் இடம் விடைபெறும்போது. ‘போறேன்’ என்று சொல்லக் கூடாது என்று வளர்ந்த நாம் ‘வரேன்’ என்கிறோம். அதை அப்படியே “ஓகே, ஐ வில் கம்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினால், எதிரில் இருப்பவர் திரும்பி வருவோம் என்று காத்திருப்பார்.

---

சுன்னாகத்தான்

‘போட்டு வாறன்’ எண்டு நாங்கள் சொல்லுறது. டீச்சர், அதை நான் கனடாவில முதல் வேலையில ‘ஐ வில் கோ அண்ட் கம்’ எண்டு சொல்லி வெளிக்கிட்டனான். அவங்கள் என்ர மேசை லைட்டை நிப்பாட்டாமலே வச்சிருந்தவங்கள்.

---

அச்சுப்பிழை

லெஸ், ஃபியூவர் பத்தியும் சொல்லுங்க. எண்ண முடிஞ்சா ஃபியூவர், அளந்தா லெஸ், இதை மீறினா தப்பு. சரிதானே?

---

கரும்பலகை

தேர்வில் எழுத அது போதும். ‘தப்பு’ என்று அடித்துச் சொல்லமாட்டேன். எண்ணக்கூடியதற்கும் லெஸ் போடுவது ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுப் பழக்கம். ஃபியூவர்தான் நன்றாக இருக்கிறது என்று 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பவர் தன் விருப்பமாக எழுதினார். பின்னால் வந்த இலக்கணக்காரர்கள் அந்த விருப்பத்தைச் சட்டமாக்கிவிட்டார்கள். இன்றும் பணம், தூரம், நேரம் என்றால் எண் இருந்தாலும் லெஸ்தான்: ‘லெஸ் தேன் டென் மினிட்ஸ்.’ பிரிட்டனில் டெஸ்கோ கடையில் பத்துப் பொருளுக்கான வரிசைப் பலகையில் ‘லெஸ்’ என்று இருந்தது பற்றிச் சர்ச்சை வந்து, 2008-இல் ‘அப் டு டென் ஐட்டம்ஸ்’ என்று மாற்றினார்கள்.

இதில் இடறினால் ஒரு மதிப்பெண் போகும். சிக், டவுட் மாதிரியானவற்றில் இடறினால் எதிரில் இருப்பவர் வேறு ஒன்றைப் புரிந்துகொண்டு போய்விடுவார். எனக்கு இரண்டாவதுதான் கவலை.

---

இரவுப்பணி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒரு நோட்டு போட்டு எழுதி வச்சிருக்கேன். நேத்து டியூட்டியில நாலு விஷயம் நடந்தது.

ஒரு தாத்தா “ஐ ஃபீல் சிக்”னார். உடனே வாந்தி எடுக்கிற கிண்ணத்தை எடுத்துட்டு ஓடினேன், சரியா இருந்தது. ஹெல்த்கேர் உதவியாளர்கிட்ட “லே ஹர் ஆன் ஹர் லெஃப்ட்”னு சரியா சொன்னேன். ஜன்னல் பக்கத்துக் கட்டில்ல இருக்கிற ஸ்காட்டிஷ் பாட்டி, வெளிய பார்த்துட்டு “ஐ டவுட் இட்’ல் ரெய்ன்”னாங்க. மழை வராதுன்னு சொல்றாங்கன்னு ஒரு வாரம் முன்னாடி நினைச்சிருப்பேன். “கார்டிகன் எடுத்துத் தரட்டுமா”ன்னு கேட்டேன். ஆமான்னாங்க.

அதே டாக்டர் ராத்திரி வந்தார். மறுபடியும் மருந்து டைம்தான் கேக்கணும். “கேன் ஐ செக் சம்திங் வித் யூ?”ன்னேன். சார்ட்டை எட்டிப் பார்த்து, “டென் ஓ’க்ளாக்”னார். காபி அவர் கையிலயே இருந்தது.